பக்கத்திலேயே ஒரு தெரபிஸ்ட் வேண்டும்: பதற்றத்துக்கு யாரிடம் போவது, எப்படித் தேர்ந்தெடுப்பது?

நீலவானம்:

வணக்கம். பல மாதங்களாக நெஞ்சுப் படபடப்பு. அலுவலக மின்னஞ்சல் வரும் சத்தம் கேட்டாலே வயிற்றைப் பிசைகிறது. பின்னிரவில் விழிப்பு வந்துவிட்டால் அப்புறம் தூக்கம் கிடையாது; யாரும் கேட்காத கேள்விகளுக்கெல்லாம் மனசுக்குள் பதில் தயார் செய்துகொண்டு படுத்திருக்கிறேன். இதயத்தில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து வழக்கமான டாக்டரிடம் போனேன். ஈசிஜி எடுத்தார், தைராய்டு பார்த்தார், ரத்தசோகை இருக்கிறதா என்றும் பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறது, பதற்றத்துக்கு ஒரு தெரபிஸ்டைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். யாரை என்று சொல்லவில்லை.

இணையத்தில் தேடினால் பக்கத்திலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒருவர் மனநல மருத்துவர், ஒருவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், ஒருவர் கவுன்சிலர், இன்னொருவர் வாழ்க்கைப் பயிற்சியாளர். ஆனால் எல்லோருடைய பக்கத்திலும் 'மன அழுத்தம், பதற்றம், உறவுச் சிக்கல், தன்னம்பிக்கை' என்று ஒரே பட்டியல்தான். நட்சத்திர மதிப்பீட்டை வைத்துத் தேர்ந்தெடுக்கலாமா? ஆன்லைன் வேண்டாம் என்று பார்க்கிறேன், வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் பேச இடமில்லை. நேரில் போய்வருகிற தூரத்தில் ஒருவர் வேண்டும். போய்வந்தவர்கள், இந்தத் துறையில் இருப்பவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

தூறல்:

முதலில் டாக்டரைப் பார்த்தது மிக நல்ல காரியம். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பு, இதே தூக்கமின்மை வரும். அந்தச் சந்தேகம் இனி இல்லை.

நட்சத்திரங்களை நம்பி இறங்காதீர்கள். மற்ற தொழில்களில் மோசமான விமர்சனம் வந்தால் நடத்துகிறவர் பதில் எழுதலாம். தெரபிஸ்டால் முடியாது. 'ஆமாம், இவர் என்னிடம் வந்தவர்தான்' என்று ஒப்புக்கொள்வதே ரகசியத்தை உடைப்பதாகிவிடும். தன்னிடம் சிகிச்சையில் இருப்பவரிடம் பாராட்டு எழுதித் தரச் சொல்லிக் கேட்கக் கூடாது என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறையிலேயே இருக்கிறது. அதனால் ஒழுங்காக நடக்கும் ஒருவருக்கு மூன்றே மூன்று விமர்சனங்கள் இருக்கலாம். குவியல் குவியலாகப் பாராட்டு இருக்கிற இடத்தில்தான் அது எப்படி வந்தது என்று யோசிக்க வேண்டும்.

உங்கள் டாக்டரிடமே திரும்பப் போய், 'நீங்கள் அனுப்பியவர்களில் யாரிடம் போனவர்கள் தேறி வந்தார்கள்?' என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு அவரால் பதில் சொல்ல முடியும். 'யார் நல்லவர்?' என்று கேட்டால் தெரிந்தவர் பெயர் ஒன்றைச் சொல்லிவிடுவார்.

தூரத்தையும் சும்மா விடாதீர்கள். தொடக்கத்தில் பெரும்பாலும் வாராவாரம் போக வேண்டிவரும். வேலை முடிந்து சோர்ந்துபோன நாளிலும் போக மனசு வருகிற தூரமா என்று பாருங்கள். பதற்றம் உள்ளவர்களுக்குப் போகாமல் இருக்க ஒரு சாக்கு கிடைத்தால் போதும், மனசு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

கொடிமுல்லை:

கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாக வேலை செய்கிறேன். பட்டங்கள் பற்றிய குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம்.

மனநல மருத்துவர் என்பவர் மருத்துவம் படித்து, அதில் மனநலத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்தவர். மருந்து எழுதுவார். சிலர் தெரபியும் செய்வார்கள், பலருக்கு அதற்கு நேரம் இருப்பதில்லை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் உளவியல் படித்து, நோயறிதலிலும் சிகிச்சையிலும் மேற்பார்வையோடு பயிற்சி பெற்றவர். பெரும்பாலான இடங்களில் மருந்து எழுத மாட்டார். கவுன்சிலர்களில் நல்ல பயிற்சி பெற்றவர்களும் உண்டு, வார இறுதி வகுப்பில் சான்றிதழ் வாங்கியவர்களும் உண்டு. 'தெரபிஸ்ட்', 'கவுன்சிலர்' என்ற பெயர்களை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்ற நிலைதான் பல நாடுகளில் இன்னமும். வாழ்க்கைப் பயிற்சியாளர் என்பது சிகிச்சை தருகிற தொழிலே அல்ல. பதற்றத்துக்காக அங்கே போக வேண்டாம்.

அதனால் பலகையை விட்டுவிட்டு ஆளைக் கேளுங்கள். என்ன படித்தீர்கள், எந்த அமைப்பில் பதிவு செய்திருக்கிறீர்கள், பதிவு எண் என்ன? பதிவு செய்கிற அமைப்புகள் பலவும் பெயர்ப் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கின்றன, சில நிமிடங்களில் சரிபார்த்துவிடலாம். இதைக் கேட்டால் தப்பாக நினைப்பாரோ என்று தயங்காதீர்கள். என்னிடம் கேட்பவர்கள் குறைவு. யாராவது கேட்டால் எனக்கு சந்தோஷமாகத்தான் இருக்கும்.

அடுத்த கேள்விதான் எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியம்: 'என்னைப் போல் பதற்றத்தோடு வருபவர்களுக்கு நீங்கள் என்ன செய்வீர்கள்?' இதற்கு ஒரு உருப்படியான பதில் வர வேண்டும். மனநல மருத்துவர் ஏரன் பெக் 1960களில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மனச்சோர்வுக்காக வளர்த்தெடுத்த சிந்தனை-நடத்தை சிகிச்சை, அதாவது சிபிடி, பின்னால் பதற்றத்துக்கும் விரிந்தது. பதற்றத்துக்கு அதிகம் ஆராயப்பட்ட முறை அதுதான். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2011-ல் வெளியிட்ட வழிகாட்டியில், எதைப் பற்றியும் ஓயாமல் கவலைப்படும் பொதுவான பதற்றக் கோளாறுக்கு வாரம் ஒன்றாக 12 முதல் 15 செஷன்கள் என்று கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். சிலருக்குக் குறையும், சிலருக்குக் கூடும். ஆனால் ஒரு எல்லையும் திட்டமும் உண்டு என்பதைக் கவனியுங்கள். 'நீங்கள் பேசுங்கள், நான் கேட்கிறேன், போகப் போகப் பார்க்கலாம்' என்பது மட்டுமே பதிலாக வந்தால் நான் வேறு ஒருவரைத் தேடுவேன்.

பழையபேனா:

நான் கொஞ்சம் வேறு மாதிரி சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். பணம் கொடுத்து ஒருவரிடம் மனசைக் கொட்டுவதில் என்ன இருக்கிறது? நம்மைப் புரிந்துகொண்ட நண்பர் ஒருவர் போதும். எனக்குப் பதற்றம் முற்றியபோது மனநல மருத்துவர் எழுதித் தந்த மாத்திரைதான் கைகொடுத்தது. சில வாரங்களில் தூக்கம் திரும்பியது, வேலைக்கும் போக முடிந்தது. நீலவானம் அங்கேயும் இங்கேயும் அலைவதற்குள் இன்னும் சில மாதங்கள் ஓடிவிடும். எனக்கு அதுதான் கவலை.

ஆழிமுத்து:

பழையபேனா ஐயா, உங்களுக்கு மாத்திரை உதவியதில் மகிழ்ச்சி. ஆனால் தெரபி என்றால் மனசைக் கொட்டுவது மட்டும்தான் என்று இதைப் படிக்கிறவர்கள் நினைத்துவிடக் கூடாது. என் செஷன் ஒன்றில் என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

எனக்குப் பேனிக் அட்டாக் வரும். திடீரென்று மூச்சு முட்டும், விரல் நுனி மரத்துப்போகும், இப்போதே செத்துவிடுவேன் என்று தோன்றும். அதற்குப் பயந்தே லிஃப்ட், கூட்டம், நீண்ட பயணம் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். என் தெரபிஸ்ட் ஒருநாள் மெல்லிய ஸ்ட்ரா ஒன்றைக் கையில் கொடுத்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு அதன் வழியாக மட்டும் ஒரு நிமிடம் மூச்சுவிடச் சொன்னார். அவரும் எதிரே உட்கார்ந்து அதையே செய்தார். பாதி நிமிடத்திலேயே அதே மூச்சுமுட்டல் வந்துவிட்டது. 'இப்போது எவ்வளவு பயம், பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள்' என்றார். எட்டு என்றேன். ஸ்ட்ராவை எடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தோம். எதுவும் நடக்கவில்லை. தானாக இறங்கியது. திரும்பச் செய்யச் சொன்னார். மூன்றாம் முறை ஐந்து என்றேன்.

அடுத்த செஷனில் சுழல் நாற்காலியில் சுற்றித் தலைசுற்ற வைத்தார். அதற்கடுத்து இருக்கிற இடத்திலேயே ஓட வைத்து நெஞ்சு அடித்துக்கொள்ளச் செய்தார். உடம்பில் வரும் அந்த உணர்வுகள் அபாயம் அல்ல என்று வாயால் ஆயிரம் பேர் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். உடம்பு அதைத் தெரிந்துகொண்டது அந்த நாற்காலியில்தான். நண்பர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இதைச் செய்ய மாட்டார். நான் பயந்தால் 'வேண்டாம், விட்டுவிடு' என்பார். அது அன்புதான், ஆனால் பயத்தை வளர்க்கும்.

ஒன்று சொல்ல வேண்டும்: ஆரம்பிப்பதற்கு முன் எனக்கு ஆஸ்துமாவோ இதய நோயோ வலிப்போ உண்டா என்று கேட்டுக்கொண்டார். இதைப் படித்துவிட்டு வீட்டில் தனியாகச் செய்து பார்க்காதீர்கள்.

கொடிமுல்லை:

ஆழிமுத்து, இதை எழுதியதற்கு நன்றி. இதைவிட நன்றாக என்னால் விளக்கியிருக்க முடியாது.

பழையபேனா சொன்னதிலும் உண்மை இருக்கிறது. பதற்றம் கடுமையாகி வேலையும் தூக்கமும் போய்விட்ட நிலையில் மருந்து பெரிய துணை. மருந்தும் தெரபியும் சேர்ந்தும் போகலாம். மூளையில் இருக்கும் செரோடோனின் என்ற வேதிப்பொருள் மீது வேலை செய்யும் மாத்திரைகள் பலன் காட்ட சில வாரங்கள் ஆகும், முதல் சில நாட்கள் படபடப்பு சற்றுக் கூடுவதும் உண்டு. அது தெரியாமல் பாதியில் விடுபவர்கள் பலர். உடனே அமைதி தரும் பென்சோடையசெபைன் வகை வேறு. அதைத் தொடர்ந்து எடுத்தால் பழக்கமாகிவிடும். எதையும் சொந்த முடிவில் சட்டென்று நிறுத்தாதீர்கள். 'மருந்தை இன்றே தூக்கிப் போடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று மருத்துவர் அல்லாத ஒருவர் சொன்னால் அவரிடம் மறுபடி போகாதீர்கள்.

மருதம்:

எல்லோரும் பெரிய நகரத்தை மனசில் வைத்துப் பேசுகிறீர்கள். எல்லோருக்கும் எல்லோரையும் தெரிகிற சின்ன ஊரில் இருப்பவர்களின் சிக்கல் வேறு. பக்கத்தில் இருக்கிற ஒரே தெரபிஸ்ட் என் சித்தியின் தோழி. காத்திருக்கும் அறையில் உட்கார்ந்தால் தெரிந்தவர் யாராவது வருவார். இதற்கு என்ன வழி?

கொடிமுல்லை:

மருதம், குடும்பத்துக்கு நெருக்கமானவர் உங்களுக்குத் தெரபிஸ்டாக இருக்கக் கூடாது. அவர் எவ்வளவு நல்லவரானாலும் சரிவராது. நெறிமுறை தெரிந்தவர் என்றால் அவரே மறுத்து வேறு ஒருவரிடம் அனுப்புவார். கூச்சப்படாமல் அவரிடமே 'எனக்கு உங்களுக்குத் தெரிந்த வேறு ஒருவரைச் சொல்லுங்கள்' என்று கேட்கலாம். காரணம் சொல்லவே வேண்டாம், புரிந்துகொள்வார்.

காத்திருக்கும் அறை பற்றி முன்கூட்டியே பேசுங்கள். நாளின் முதல் நேரத்தைக் கேட்டால் பெரும்பாலும் யாரும் இருக்க மாட்டார்கள். ஒருவர் போனபின் இடைவெளி விட்டு அடுத்தவரை வரச் சொல்பவர்கள் உண்டு. கடைவீதியில் எதிரே பார்த்தால் என்ன செய்வது என்றும் முதல் செஷனிலேயே கேளுங்கள். நான் என்னிடம் வருபவர்களிடம், 'வெளியில் பார்த்தால் நானாக வணக்கம் சொல்ல மாட்டேன். நீங்கள் சொன்னால் சொல்வேன்' என்று சொல்லிவிடுவேன்.

ரகசியத்துக்கும் எல்லை உண்டு. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ உடனடி ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை நடக்கிறது என்ற தகவல், நீதிமன்ற உத்தரவு, இப்படிச் சில இடங்களில் சட்டப்படி வெளியே சொல்ல வேண்டிவரும். நாட்டுக்கு நாடு விவரம் மாறும். தெரபிஸ்ட் இதை முதல் நாளே தானாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கேளுங்கள்.

தூறல்:

சிலருக்கு ஃபோன் செய்வதே பெரிய மலை. பதற்றம் உள்ளவர்களிடம் 'அழைத்துப் பேசுங்கள்' என்று சொல்வது எளிது. ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு அப்படியே படியுங்கள், இல்லாவிட்டால் மெசேஜ் அனுப்புங்கள்:

"வணக்கம். சில மாதங்களாகப் பதற்றமும் தூக்கமின்மையும் இருக்கிறது. டாக்டர் பார்த்துவிட்டார், உடல் காரணம் இல்லை என்றார். புதியவர்களை இப்போது பார்க்கிறீர்களா? எவ்வளவு காத்திருக்க வேண்டும்? கட்டணம் எவ்வளவு, வர முடியாவிட்டால் எத்தனை மணி நேரம் முன்பு சொல்ல வேண்டும்? பதற்றத்துக்கு எந்த முறையில் சிகிச்சை தருகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளலாமா?"

இவ்வளவுதான். உங்கள் முழுக் கதையையும் ஃபோனில் சொல்லத் தேவையில்லை. கட்டணம் தாங்காது என்றால் அதையும் கேளுங்கள், வருமானத்துக்குத் தகுந்தபடி குறைப்பவர்கள் இருக்கிறார்கள். உளவியல் துறை உள்ள பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் பயிற்சி மாணவர்கள் மூத்தவர் மேற்பார்வையில் குறைந்த கட்டணத்துக்குப் பார்ப்பார்கள். மாணவர்தானே என்று ஒதுக்காதீர்கள். அவர் செய்வதை அனுபவசாலி ஒருவர் மேற்பார்வை செய்துகொண்டிருக்கிறார்.

பத்து செஷனுக்கு முன்பணம் கட்டச் சொன்னாலோ, இத்தனை நாளில் குணமாக்குவேன் என்று வாக்குக் கொடுத்தாலோ, எண்ணெய், கல், மாத்திரை ஏதாவது விற்றாலோ எழுந்து வந்துவிடுங்கள்.

நெறியாளர்:

நல்ல உரையாடல். இரண்டு விஷயங்கள். தெரபிஸ்டுகளின் பெயர், எண் எதையும் பொதுவில் போட வேண்டாம், புகாரானாலும் பாராட்டானாலும். அடுத்து, இதைப் படிப்பவர்களில் யாருக்காவது உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் தெரபிஸ்ட் கிடைக்கும்வரை காத்திருக்காதீர்கள். உங்கள் நாட்டின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ அவசர மருத்துவச் சேவையையோ இப்போதே அழையுங்கள், நம்பிக்கையான ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

நீலவானம்:

எல்லோருக்கும் நன்றி. தூறல் எழுதித் தந்ததை அப்படியே மெசேஜாகச் சிலருக்கு அனுப்பினேன். ஒருவர் பதிலே போடவில்லை. ஒருவர் முறையைப் பற்றிச் சொல்லாமல் 'நேரில் வாருங்கள் பேசலாம்' என்றார். நடந்து போகிற தூரத்தில் இருக்கும் ஒருவர் மட்டும் பொறுமையாகப் பதில் எழுதினார், பதிவு எண்ணோடு. ஆனால் சில வாரங்கள் கழித்துத்தான் இடம் இருக்கிறது. அதுவரை என்ன செய்யலாம்?

ஆழிமுத்து:

காத்திருக்கும் காலத்துக்கு எனக்கு உதவியது, கவலைக்கு நேரம் ஒதுக்குவது. உளவியலாளர் தாமஸ் போர்கோவெக்கும் உடன் இருந்தவர்களும் 1983-ல் ஆராய்ந்த முறை. தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் அரை மணி நேரம் கவலைப்பட மட்டும் உட்கார வேண்டும். மற்ற நேரத்தில் கவலை வந்தால் ஒரு வார்த்தையில் குறித்துக்கொண்டு 'அப்புறம் பார்க்கலாம்' என்று அந்த நேரத்துக்குத் தள்ள வேண்டும். படுக்கையிலும் படுப்பதற்குக் கொஞ்சம் முன்பும் வேண்டாம். முதலில் அபத்தமாகத் தோன்றும். ஆனால் மாலையில் அந்தக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தால் பாதிக்குக் கவலைப்படவே தோன்றாது.

கொடிமுல்லை:

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் மன அழுத்தத்துக்கென்று ஒரு படக் கையேடு வெளியிட்டது. ஒலிப்பயிற்சிகளோடு இலவசமாகக் கிடைக்கும், காத்திருக்கும்போது அதைச் செய்யுங்கள். காபியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பாருங்கள், குறிப்பாக மதியத்துக்கு மேல்.

பதற்றம் எவ்வளவு என்று அளக்கும் ஜிஏடி-7 என்ற கேள்வித்தாளையும் போட்டுப் பாருங்கள். ராபர்ட் ஸ்பிட்சர் குழுவினர் 2006-ல் வெளியிட்டது. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஏழு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டினால் 5 முதல் லேசானது, 10 முதல் மிதமானது, 15 முதல் கடுமையானது என்று கொள்வார்கள். அது நோயறிதல் அல்ல. ஆனால் இப்போது ஒரு எண், சில செஷன்கள் கழித்து ஒரு எண் என்று குறித்துவைத்தால் சிகிச்சை வேலை செய்கிறதா என்று இருவருக்கும் தெரியும்.

நீலவானம்:

முதல் செஷன் முடிந்தது. ஜிஏடி-7 தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், 14 வந்திருந்தது. ரகசியத்தின் எல்லையை அவரே முதலில் சொன்னார். நிறையக் கேள்விகள் கேட்டார். கடைசியில் ஒரு தாளில் வட்டம் போட்டு, மின்னஞ்சல் சத்தம், 'ஏதோ தப்பு செய்துவிட்டேன்' என்ற எண்ணம், நெஞ்சுப் படபடப்பு, மின்னஞ்சலைத் திறக்காமல் தள்ளிப்போடுவது என்று அம்புக்குறியால் இணைத்துக் காட்டினார். தள்ளிப்போடுவதிலிருந்து அம்பு திரும்பவும் மேலே மின்னஞ்சலுக்கே போனது. இத்தனை நாள் நான் சுற்றிக்கொண்டிருந்தது அந்தத் தாளில் முழுதாக இருந்தது. ஆனால் அவர் கொஞ்சம் கறாராகப் பேசுகிறார். சௌகரியமாக உணரவில்லை என்று சொல்ல முடியாது, ஒட்டிவிட்டேன் என்றும் சொல்ல முடியாது. தொடரலாமா? அப்புறம், எண்ணங்களை நோட்டில் எழுதிவரச் சொன்னார். வீட்டில் யாராவது எடுத்துப் படித்துவிட்டால்?

கொடிமுல்லை:

உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979-ல் சிகிச்சை உறவை மூன்றாகப் பிரித்தார்: எதை நோக்கிப் போகிறோம் என்பதில் உடன்பாடு, அதற்கு என்ன செய்வோம் என்பதில் உடன்பாடு, இருவருக்கும் இடையே பிணைப்பு. முதல் இரண்டும் உங்களுக்கு அமைந்திருக்கிறது போலத் தெரிகிறது. மூன்றாவது முதல் நாளே வருவது அபூர்வம். இன்னும் சில செஷன்கள் பாருங்கள். அதற்கு முன், அடுத்த முறை போகும்போது 'நீங்கள் பேசுவது எனக்குக் கொஞ்சம் கறாராகப் படுகிறது' என்று அவரிடமே சொல்லுங்கள். அதைக் கேட்டு அவர் யோசித்து மாற்றிக்கொண்டால் சரியான இடம். மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டால், இல்லை உங்கள் பதற்றத்தின் மேலேயே பழியைப் போட்டால், தயங்காமல் மாறுங்கள். மாறுவதற்கு அவர் அனுமதி தேவையில்லை. இதுவரையிலான குறிப்புகளைப் புதியவருக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம்.

ஆழிமுத்து:

நோட்டு வேண்டாம் சகோ. ஃபோனில் பூட்டுப் போட்ட குறிப்பாக எழுதுங்கள். நான் முழு வாக்கியம் எழுதவே மாட்டேன். 'திங்கள் காலை, மெயில், 7, திறந்தேன், 4' என்று இருக்கும். வேறு யார் படித்தாலும் ஒன்றும் புரியாது. செஷனில் அதைப் பார்த்தால் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிடும்.